அப்லார், கொமேர், பிவீர்: ஸ்பானிஷ் நிகழ்கால வினையைத் தமிழ்க் காதோடு பிடிப்பது எப்படி

ஸ்பானிஷ் பாடப் புத்தகம் எதை எடுத்தாலும் இரண்டாவது பாடத்திலேயே கட்டம் போட்ட ஓர் அட்டவணை வந்துவிடும். ஒரு வினைச்சொல், அதற்கு ஆறு வடிவம், மனப்பாடம் செய்யுங்கள். நானும் செய்தேன். பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி மேலிருந்து கீழே கடகடவென்று சொல்வேன். ஆனால் யாராவது நேரில் ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் அந்த அட்டவணையின் முதல் வரியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, சரியான கட்டத்தைத் தொடுவதற்குள் எதிரே நிற்பவர் ஆங்கிலத்துக்கு மாறியிருப்பார்.

கோளாறு எங்கே என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் புத்தகங்கள் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதியவை. அவர்களுக்கு ஐ ஸ்பீக், யூ ஸ்பீக், வீ ஸ்பீக் என்று வினை அப்படியே நிற்கும், யார் பேசுகிறார் என்பதை முன்னால் நிற்கும் சொல்தான் சொல்லும். அதனால் வினையின் வாலை மாற்றுவது அவர்களுக்குப் புது வித்தை. நமக்கு? "பேசுகிறேன்" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், பேசுவது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். "பேசுகிறோம்" என்றால் நாங்கள். ஸ்பானிஷும் இதையேதான் செய்கிறது, இன்னும் குறைந்த சாமான்களை வைத்து. எனவே ஆங்கில வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்து நேராகப் போகலாம்.

முதலில் எழுத்து விஷயம்

ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன், அதில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்வோம். ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதுகிறேன். "கொமேர்" என்று பார்த்தால் அழுத்தம் "மே"யில், "கோமொ" என்றால் "கோ"வில். தமிழ்க் காதுக்கு இது வசதி, ஏனென்றால் அழுத்தி ஒலிக்கும் அசை நமக்குக் கொஞ்சம் நீண்டுதான் கேட்கும்.

பேசுதல் என்பதற்கான "அப்லார்" ஸ்பானிஷ் எழுத்தில் ஹ-வுக்கான எழுத்தோடுதான் தொடங்கும், ஆனால் அந்த எழுத்துக்கு ஒலியே கிடையாது, விட்டுவிடுங்கள். "பிவீர்" என்பதன் "பி"யை "பிஸ்கட்"டில் வருகிற மாதிரி சொல்லுங்கள். நடுவில் வரும் "வீ" அதே ஒலியின் தளர்ந்த வடிவம், உதடு முழுக்க ஒட்டாது. எழுத்தில் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துதான்.

படி ஒன்று: வாலை வெட்டு

அகராதியில் ஸ்பானிஷ் வினை எப்போதும் மூன்று முடிவுகளில் ஒன்றோடுதான் இருக்கும்: ஆர், ஏர், ஈர். லத்தீனில் நான்கு குடும்பம் இருந்தன, அதில் நடு இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டதால் ஸ்பானிஷுக்கு மூன்று மிஞ்சியது.

அப்லார் (பேசுவது), கொமேர் (சாப்பிடுவது), பிவீர் (வாழ்வது, வசிப்பது). மூன்றுக்கும் கடைசி வாலை வெட்டினால் அப்ல், கொம், பிவ் என்று நிற்கும். நன்னூல் பாஷையில் சொன்னால் இதுதான் பகுதி. "பேசுகிறேன்" என்பதைப் பேசு + கிறு + ஏன் என்று பத்தாம் வகுப்பில் பிரித்து மதிப்பெண் வாங்கினோமே, அதே வேலை.

இதில் ஆர் குடும்பம்தான் மிகப் பெரியது, இன்றும் வளர்ந்துகொண்டிருப்பது. வெளியிலிருந்து புதிய வினை வந்தால் நாம் "ட்வீட் பண்ணு" என்று பண்ணுவை ஒட்டிச் சமாளிக்கிறோம் அல்லவா, அவர்கள் "எயார்" என்று ஒட்டி "துயித்தெயார்" ஆக்கிவிட்டார்கள். ஸ்பெயினின் அரச மொழிக்கழகம் 2014-இல் வெளியிட்ட தன் அகராதியின் 23-ஆம் பதிப்பில் அதற்கு இடமும் கொடுத்துவிட்டது. "துயித்தேயொ" என்றால் ட்வீட் போடுகிறேன். இந்தப் புதுச்சொற்கள் எல்லாம் முறை தவறாமல் நடப்பவை, ஆகவே ஆர் குடும்பத்தை முதலில் கையில் எடுத்தால் பாதிக்கு மேல் முடிந்த மாதிரி.

படி இரண்டு: ஆள் அடையாளத்தை ஒட்டு

மூன்று குடும்பத்துக்கும் ஆறு ஆறாகப் பதினெட்டு விகுதிகள் என்று புத்தகம் பயமுறுத்தும். உண்மையில் அவ்வளவு இல்லை. குடும்பத்தின் உயிரெழுத்து ஒன்று, ஆளைக் காட்டும் சின்ன வால் ஒன்று, அவ்வளவுதான்:

நான்: உயிரெழுத்து போய்விடும், வெறும் "ஒ". மூன்று குடும்பத்துக்கும் இதேதான்.
நீ: உயிரெழுத்து + ஸ்.
அவன், அவள், அது: உயிரெழுத்து மட்டும், வால் இல்லை.
நாம், நாங்கள்: உயிரெழுத்து + மொஸ்.
நீங்கள் பலர் (ஸ்பெயினில்): உயிரெழுத்து + ய்ஸ்.
அவர்கள்: உயிரெழுத்து + ன்.

அப்லாரில் பொருத்திப் பாருங்கள்: ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல, அப்லாமொஸ், அப்லாய்ஸ், ஆப்லன்.

கொமேரில் "அ" இருந்த இடமெல்லாம் "எ" ஆகும்: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென்.

பிவீர்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்: பீவொ, பீவெஸ், பீவெ, பிவீமொஸ், பிவீஸ், பீவென். "இ" குடும்பமாயிற்றே, பிறகு ஏன் "பீவெஸ்" என்று "எ" வருகிறது? அழுத்தத்தைக் கவனியுங்கள். விகுதியில் அழுத்தம் விழும் இரண்டே இடங்களில், அதாவது பிவீமொஸ், பிவீஸ் என்பவற்றில், "இ" பிழைத்துக்கொள்கிறது. அழுத்தம் பகுதிக்குப் போய்விட்ட மற்ற இடங்களில் அது தளர்ந்து "எ" ஆகிவிடும். அதனால் ஈர் குடும்பத்தைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கொமேரைப் போலவே சொல்லி இந்த இரண்டு இடத்தில் மட்டும் "ஈ" போடுங்கள்.

அழுத்தம்: இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்

மேலே உள்ள வரிசைகளை இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கிலும் அழுத்தம் பகுதியில். நாம், நீங்கள் பலர் ஆகிய இரண்டில் மட்டும் அது விகுதிக்குத் தாவும். சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இதே கதைதான். வேலை செய்வது "த்ரவஹார்": த்ரவாஹொ, த்ரவாஹஸ், த்ரவாஹ, த்ரவஹாமொஸ், த்ரவஹாய்ஸ், த்ரவாஹன்.

நான் இதில் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு சின்ன விஷயத்தில். "ஆப்லொ" என்று சொல்ல வேண்டியதை, அகராதியில் "அப்லார்" என்று பின்னால் அழுத்தி இருக்கிறதே என்ற நினைப்பில் "அப்லோ" என்றேன். "அப்லோ" என்பதும் ஸ்பானிஷ் சொல்தான், பொருள்தான் வேறு: "பேசினான்" அல்லது "பேசினாள்". நான் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, கேட்டவர் "யார் பேசினது?" என்று திருப்பிக் கேட்டார். எழுத்தில் தலைக்கு மேல் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம், பேச்சில் காலமும் ஆளும் சேர்ந்தே மாறிவிடுகிறது.

யார் யார்: நீ, நீங்கள், தாங்கள்

நான் "யோ", நீ "தூ", அவன் "ஏல்", அவள் "ஏய". நாங்கள் "நொஸோத்ரொஸ்", எல்லோரும் பெண்கள் என்றால் "நொஸோத்ரஸ்". அவர்கள் "ஏயொஸ்", எல்லோரும் பெண்களானால் "ஏயஸ்". நாம், நாங்கள் என்ற நம்முடைய பிரிவு அங்கே கிடையாது, கேட்பவரைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒரே சொல்தான்.

மரியாதைக்குரிய ஒருவரைப் பார்த்துச் சொல்லும் "நீங்கள்" என்பதற்கு "உஸ்தேத்". இதற்கு முன்னிலை விகுதியைப் போட்டுவிடாதீர்கள், படர்க்கை விகுதிதான் வரும்: "உஸ்தேத் ஆப்ல". ஏன் இப்படி? "உஸ்தேத்" என்பது "வுவேஸ்த்ர மெர்சேத்" என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்தது, "தங்கள் கருணை" என்கிற மாதிரி. கருணை பேசுகிறது, கருணை சாப்பிடுகிறது என்று சொல்லும்போது வினை படர்க்கையில்தானே நிற்கும்? நம் ஊரிலும் எதிரே நிற்கும் பெரியவரிடமே "ஐயா எப்ப வந்தாங்க?" என்று கேட்கிறோம், அதை நினைத்துக்கொண்டால் மறக்காது. பலரானால் "உஸ்தேதெஸ்", அதற்கு அவர்கள் விகுதி: "உஸ்தேதெஸ் ஆப்லன்".

அப்லாய்ஸ், கொமேய்ஸ், பிவீஸ் என்ற வடிவங்களை ("பொஸோத்ரொஸ்" என்ற சொல்லுக்கு உரியவை) ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் நண்பர்களானாலும் அதிகாரிகளானாலும் பலர் என்றால் "உஸ்தேதெஸ்"தான். அதனால் மெக்சிகோவையோ பெருவையோ மனத்தில் வைத்துப் படிக்கிறீர்கள் என்றால் அந்த ஐந்தாவது வரியைக் கேட்டால் புரிகிற அளவுக்கு வைத்துக்கொண்டு, பேச ஐந்து வடிவங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அர்ஜென்டினா, உருகுவே பக்கம் போனால் "தூ" இருக்காது, "போஸ்" இருக்கும். விகுதி அதேதான், அழுத்தம் மட்டும் பின்னால் தாவும்: ஆப்லஸ் என்பது அப்லாஸ், கோமெஸ் என்பது கொமேஸ். ஈர் குடும்பத்தில் பிவீஸ்.

யோ யோ என்று அடுக்காதீர்கள்

தமிழில் "நான்" சொல்லாமலே பாதி நாள் ஓடிவிடும். "எங்க இருக்க?" "வீட்டுல இருக்கேன்." ஸ்பானிஷிலும் அப்படித்தான், ஆனால் ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் "யோ" போடுவார்கள். நான் முதல் வகுப்பில் "யோ த்ரவாஹொ, யோ கோமொ, யோ பீவொ" என்று அடுக்கினபோது ஆசிரியர் சிரித்துக்கொண்டே "சரி சரி, நீதான், யாரும் இல்லைன்னு சொல்லலை" என்கிற பாவனையில் கையைக் காட்டினார். "யோ" போட்டால் "நான்தான்", "நானோ என்றால்" என்ற அழுத்தம் வந்துவிடுகிறது.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை வேண்டும். தமிழில் பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார் என்று விகுதியே ஆண், பெண், மரியாதை எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஸ்பானிஷில் எல்லாம் "ஆப்ல"தான். யாரைப் பற்றிய பேச்சு என்று முன்பே தெரியாவிட்டால் படர்க்கையில் மட்டும் "ஏல்", "ஏய", "உஸ்தேத்" என்று சொல்லிவிடுவது நல்லது.

தமிழ்ப் பழக்கம் காலை வாரும் இடங்கள்

தமிழ் கைகொடுக்கும் அதே வேகத்தில் சில இடங்களில் கவிழ்த்தும் விடும். இதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய பொறி, பழக்கத்தைச் சொல்வது. "நான் தினமும் காபி குடிப்பேன்" என்கிறோம். வடிவத்தில் அது எதிர்காலம். அதை நம்பி ஸ்பானிஷிலும் எதிர்காலத்தைத் தேடினால் "இனிமேல் குடிப்பேன்" என்று சபதம் எடுத்த மாதிரி ஆகிவிடும். தினசரிப் பழக்கத்துக்கு நிகழ்காலம்தான்: "தோமொ கஃபே தோதொஸ் லொஸ் தீயஸ்". "அவள் மருத்துவமனையில் வேலை பார்ப்பாள்", "ஞாயிற்றுக்கிழமை சமைப்போம்" எல்லாம் இதே கணக்குதான்.

மறுபக்கம் ஒரு சலுகையும் உண்டு. "நாளைக்குப் பேசுறேன்" என்று நிகழ்கால வடிவத்தில் நாளையைச் சொல்கிறோமே, அது அப்படியே செல்லும்: "மன்யான ஆப்லொ கொன் ஏய", நாளைக்கு அவளோடு பேசுகிறேன். "பேசிக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கும் பல நேரம் வெறும் "ஆப்லொ" போதும்.

அடுத்தது மறுப்பு. தமிழில் "இல்லை" வந்ததும் ஆள் அடையாளம் காணாமல் போய்விடும்: நான் பேசவில்லை, அவன் பேசவில்லை, அவர்கள் பேசவில்லை, எல்லாம் ஒன்று. ஸ்பானிஷில் வினைக்கு முன்னால் "நோ" போட்டாலும் விகுதி அப்படியே நிற்க வேண்டும்: நோ ஆப்லொ, நோ ஆப்ல, நோ ஆப்லன்.

மரியாதைப் பன்மை அங்கே இல்லை. "அப்பா சாப்பிடுகிறார்" என்பதற்கு "மி பாத்ரெ கோமெ" என்று ஒருமைதான். மரியாதையாக இருக்கட்டுமே என்று "கோமென்" போட்டால் உங்களுக்கு இரண்டு அப்பா என்று நினைத்துக்கொள்வார்கள். அதே மாதிரி "மக்கள்" என்பதற்கான "ஹேந்தெ" ஒருமைச் சொல்: மக்கள் பேசுகிறார்கள் என்பது "ல ஹேந்தெ ஆப்ல". இதற்கு நேர் எதிரானது அஃறிணை. பேச்சில் "நாயெல்லாம் ஓடுது" என்று ஒருமையிலேயே விட்டுவிடுகிறோம், அங்கே நாய்கள் பல என்றால் வினையும் பன்மையாக வேண்டும்: "லொஸ் பேர்ரொஸ் கோர்ரென்".

இரண்டு வினை சேர்ந்து வந்தால் முதல் வினைக்கு மட்டும் விகுதி, இரண்டாவது அகராதி வடிவத்திலேயே நிற்கும். "நெசெசீத்தொ கொம்ப்ரார் பான்", எனக்கு ரொட்டி வாங்க வேண்டும். "வாங்க" என்ற எச்சம் நமக்குச் செய்கிற வேலையை அங்கே "கொம்ப்ரார்" செய்கிறது, வரிசை மட்டும் தலைகீழ்.

கேள்வி கேட்பது சுலபம். நம்முடைய "ஆ" மாதிரி ஒட்டு எதுவும் வேண்டாம், குரலைக் கடைசியில் உயர்த்தினால் போதும்: "ஆப்லஸ் எஸ்பன்யோல்?" எழுதும்போது மட்டும் வாக்கியத்தின் தொடக்கத்திலும் தலைகீழான கேள்விக்குறி ஒன்று போட வேண்டும்.

முறையான வினை மாதிரியே நடிப்பவை

"பென்ஸார்" (யோசிப்பது, இங்கே "படம்" என்பதில் வரும் "ப") பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் "நான் யோசிக்கிறேன்" என்பது "பியேன்ஸொ". பகுதியே மாறிவிட்டது, ஆகவே அது இந்த வழிகாட்டிக்குள் வராது. அகராதி வடிவத்தைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. புது வினை ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போதே "நான்" வடிவத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், பெரும்பாலும் அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

சில வினைகள் எழுத்தில் மட்டும் பயமுறுத்தும். "ரெக்கொஹேர்" (பொறுக்குவது, எடுத்துக்கொள்வது) "ரெக்கோஹொ" ஆகும்போது ஓர் எழுத்து மாறும், அந்த "ஹ" ஒலியைக் காப்பாற்றுவதற்காக. காதுக்கு ஒரு மாற்றமும் இல்லை, நம் தமிழ் எழுத்தில் எழுதினால் தெரியக்கூடத் தெரியாது.

"யார்" என்று முடிபவற்றில் இரண்டு ரகம். மாற்றுவது "கம்பியார்", அது "காம்பியொ" ஆகும். அனுப்புவது "எம்பியார்", அது "எம்பீயொ". இரண்டிலும் அழுத்தம் எங்கே விழுகிறது பாருங்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழக வேண்டியதுதான். படிப்பது "எஸ்துதியார்", முதல் ரகம்: எஸ்தூதியொ.

பயிற்சி: அட்டவணையை ஒப்பிக்காமல்

மேலிருந்து கீழாக ஒப்பிப்பதை விட்டுவிடுங்கள். பேச்சில் வடிவங்கள் அந்த வரிசையில் வருவதே இல்லை, ஜோடி ஜோடியாகத்தான் வரும். "ஸ்"ஸில் கேள்வி வந்தால் "ஒ"வில் பதில்: கோமெஸ்? கோமொ. "ன்"னில் கேள்வி வந்தால் "மொஸ்"ஸில் பதில்: பீவென்? பிவீமொஸ். உஸ்தேத் என்று கேட்டால் உயிரெழுத்தில் கேள்வி, "ஒ"வில் பதில்: த்ரவாஹ? த்ரவாஹொ. ஒரு நாளைக்கு மூன்று வினை, ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்று ஜோடி, நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

தொடங்க இவை போதும். ஆர்: கொம்ப்ரார் (வாங்குவது), கொசினார் (சமைப்பது), தொமார் (எடுப்பது, குடிப்பது), யெகார் (வந்து சேர்வது), யமார் (கூப்பிடுவது). ஏர்: பெவேர் (குடிப்பது), அப்ரெந்தேர் (கற்பது), கொர்ரேர் (ஓடுவது), பெந்தேர் (விற்பது). ஈர்: எஸ்க்ரிவீர் (எழுதுவது), அப்ரீர் (திறப்பது), ஸுவீர் (ஏறுவது), ரெசிவீர் (பெறுவது).

கடைசியாக ஓர் உரையாடல். ஸ்பெயினில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினையிலும் யார் என்று விகுதியை வைத்தே கண்டுபிடித்துப் பாருங்கள், பிறகு கீழே உள்ள பொருளைப் படியுங்கள்.

தோந்தெ பீவெ உஸ்தேத்?
பீவொ என் மத்ரீத், பேரொ த்ரவாஹொ என் தொலேதொ.
இ ஸுஸ் ஈஹொஸ்? எஸ்தூதியன்?
மி ஈஹ எஸ்தூதிய. மி ஈஹொ பேந்தெ ஃப்ரூத்த.
கோமென் ஹூந்தொஸ்?
ஸீ, கொமேமொஸ் அ லஸ் த்ரேஸ்.

நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்? மத்ரீதில் வசிக்கிறேன், ஆனால் தொலேதொவில் வேலை. உங்கள் பிள்ளைகள்? படிக்கிறார்களா? மகள் படிக்கிறாள், மகன் பழம் விற்கிறான். சேர்ந்து சாப்பிடுவீர்களா? ஆமாம், மூன்று மணிக்குச் சாப்பிடுவோம்.

மூன்று மணி என்பது அச்சுப்பிழை இல்லை, ஸ்பெயினில் மதியச் சாப்பாடே அந்த நேரத்துக்குத்தான். கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்: தமிழில் "சாப்பிடுவோம்", அங்கே "கொமேமொஸ்", நிகழ்காலம்.